பெட்டியில் 675 மடங்கு, கண்ணில் 90: எட்டு மாதம் பாவித்த டெலஸ்கோப் பற்றி

பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்த் தம்பி கையெழுத்து வாங்கும்போது, "அண்ணை, உள்ள என்ன, மீன்பிடிக்கிற சாமானா?" என்று கேட்டார். ஆளுயரப் பெட்டி, இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டிய பாரம், திருகோணமலைக் கடற்கரையோரம் அலஸ்தோட்டத்து விலாசம். வேறென்ன நினைப்பார்? டெலஸ்கோப் என்றேன். "அப்ப நிலாவில குத்தின கொடி தெரியுமா?" என்றார். தெரியாது தம்பி. ஹபிள் தொலைநோக்கியிலேயே தெரியாதது இதிலா தெரியப்போகிறது? கொடி பார்க்கத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு ஒரு நல்ல தூண்டில் வாங்குங்கள், திருமலையில் அது வீண்போகாது.

சாமான் இதுதான். 114 மில்லிமீட்டர் கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத்தூரம் (கண்ணாடி வெளிச்சத்தைக் குவிக்கிற தூரம்), நியூட்டன் வகை. அடியில் குழிந்த கண்ணாடி ஒன்று, வாய்ப்பக்கம் சரிந்த சின்னக் கண்ணாடி ஒன்று, பக்கவாட்டில் கண் வைக்கிற ஐபீஸ். இதே அளவில் பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே எல்லாம் ஒன்றுதான், அதனால் பிராண்டுக்குச் சண்டை பிடிக்காதீர்கள். 2025 ஆடியில் கொழும்பில் ஒரு கடையில் ஓடர் பண்ணினேன். வந்து சேர்ந்தபோது சின்னக் கண்ணாடி ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது, ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்க்ரூ குறைவு. போன் எடுத்துச் சொன்னால், "மெதுவா ஒருக்கா ஆட்டிப் பாருங்க, சரிவரும்" என்றார்கள். ஆட்டினேன், சரிவரவில்லை. கண்ணாடி இரண்டையும் ஒரு நேர்கோட்டுக்குக் கொண்டுவர எனக்கு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஸ்க்ரூவை மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு சைக்கிள் கடையில் தேடி எடுத்தேன், அந்த மனுசன் காசும் வாங்கவில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 675 மடங்கு என்று போட்டிருக்கிறான். கணக்குப்படி அது பொய்யில்லை: 900ஐ 4 மில்லி ஐபீஸால் வகுத்தால் 225, அதன்மேல் உருவத்தை மூன்று மடங்காக்குகிற பார்லோ வில்லை என்று ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் 675. ஆனால் கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லியோ அதன் இரண்டு மடங்குதான் எந்த டெலஸ்கோப்புக்கும் உச்சம் என்பது பழைய கணக்கு, அதன்படி இதற்கு 228. அதுவும் காற்று அசையாத இரவில், நல்ல ஐபீஸில். 675இல் வியாழனைப் பார்த்தால் தேத்தண்ணிக்குள் விழுந்த பிஸ்கட் மாதிரி இருக்கும். 20 மில்லி ஐபீஸ் பரவாயில்லை, 45 மடங்கு. 4 மில்லி ஐபீஸ் குப்பை, கண் இமையைத் துவாரத்தில் ஒட்டினால்தான் ஏதோ தெரியும். நான் 10 மில்லியில் ஒன்று தனியாக வாங்கினேன், 90 மடங்கு, எட்டு மாதமாக 20உம் 10உம் தவிர வேறெதையும் தொடவில்லை. இன்னொன்று: குழாய் அரை மீட்டர்தான் இருந்து, குவியத்தூரம் 1000 என்று எழுதியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே ஒரு மட்டமான வில்லையை ஒளித்து வைத்துத்தான் அந்த 1000ஐக் காட்டுவார்கள்.

இந்த ரிவியூவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இந்த எட்டு மாதத்தில் மூன்று தடவை "சாமான் பழுது, காசு போச்சு" என்று தலையில் கைவைத்தேன், மூன்று தடவையும் சாமான் சரியாகத்தான் இருந்தது. பழி போட வேண்டியது ஈர்ப்பு விசை மேல்.

முதல் தடவை டெலஸ்கோப்பில் கண் வைக்க முன்னமே. இதோடு வருகிற ஸ்டாண்ட் பூமி சுழல்வதற்கு ஈடாகத் திருப்புகிற வகை, அதன் அச்சை வடதுருவ நட்சத்திரத்தின் பக்கம் சரிக்க வேண்டும். எவ்வளவு சரிக்க வேண்டும் என்றால் நம்முடைய அகலாங்கு, அதாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறோமோ, அவ்வளவு. திருகோணமலைக்கு 8.5 பாகை. ஐரோப்பாக்காரனுக்குச் செய்த ஸ்டாண்டுக்கு இது பிடிக்காது, அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும், பாரக் கட்டி போய் முக்காலியின் காலில் இடிக்கும். பாரக் கட்டி இரண்டு காலுக்கு நடுவே வரும்படி முக்காலியைத் திருப்பி வைத்து, மற்றக் காலைக் கொஞ்சம் நீட்டி ஒருமாதிரிச் சமாளிக்கிறேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிபண்ணலாம் என்று நினைக்காதீர்கள், உப்புவெளிக் கரையில் நின்றால் அது தொடுவானத்துக்குப் பக்கத்தில் புகாருக்குள் ஒளித்துக்கொள்ளும்.

சரி, அகலாங்கைச் சரியாக எடுக்கலாம் என்று போனில் ஜிபிஎஸ் ஆப் ஒன்றைத் திறந்தேன். அகலாங்கு சரி. கீழே உயரம்: மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர். நான் கடற்கரை மணலில் நிற்கிறேன், அலை காலை நனைக்கிறது, ஆப் என்னைக் கடலுக்கடியில் வைத்திருக்கிறது. போன் பழுது என்று நினைத்தேன், மச்சானின் போனிலும் அதே கதை. பிறகு தேடி வாசித்தால், ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து இல்லையாம், பூமி ஒரு வழுவழுப்பான சப்பை உருண்டை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு மட்டத்திலிருந்தாம். உண்மையான கடலோ ஈர்ப்பு இழுக்கிறபடி மேடும் பள்ளமுமாக நிற்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், கணக்கு மட்டத்தை விட 106 மீட்டர் கீழே. அங்கே பூமிக்கடியில் பாரம் கொஞ்சம் குறைவு, அதனால் இழுவை குறைவு, தண்ணீர் மற்றப் பக்கங்களுக்குப் போய்விட்டது. நாங்கள் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறோம். கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்த்து "என்ன மட்டமா இருக்கு" என்று எத்தனை நாள் சொல்லியிருப்பேன்! ஆப்புக்கு மனசார மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது சனி. புரட்டாதி மாதம், கச்சான் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நேரம், கிழக்கே கடலுக்கு மேல் சனி ஏறி வந்தது. வீட்டிலிருந்து அக்கா, அத்தான், மருமகன், பக்கத்து வீட்டுப் பொடியள் என்று பத்துப் பேர் பாயும் கடலையுமாக வந்துவிட்டார்கள். வளையம் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 45 மடங்கில் பார்த்தேன், ஒரு மஞ்சள் உருண்டை. 90க்கு மாற்றினேன். உருண்டையில் மெல்லிய ஊசி ஒன்றைக் குத்தியது போல் இரண்டு பக்கமும் ஒரு கோடு. வளையம் எங்கே? அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழும்பான் உனக்கு நல்லாத்தான் தந்திருக்கிறான்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்கு நித்திரை இல்லை.

பழுது ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில் சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது, வருடம் முழுக்க அந்த ஒல்லிக் கோலம்தான். ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். 1610இல் சனியைப் பார்த்து அதற்கு இரண்டு பக்கமும் ஏதோ இருக்கிறது என்று எழுதிய கலிலியோ, 1612இல் அது காணாமல் போனதைக் கண்டு குழம்பிப்போனார், அவருக்கே அந்த நிலை என்றால் எனக்கு அத்தானிடம் பேச்சு வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் இதில் அதிசயம் ஒன்று இருக்கிறது. பிரதான வளையங்கள் குறுக்காக ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர், தடிப்போ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவுதான். அந்த வளையத்தைச் சுருக்கி ஒரு கொப்பித் தாளின் தடிப்புக்குக் கொண்டுவந்தாலும் அகலம் 2.7 கிலோமீட்டர் இருக்கும், கோணேசர் கோவில் வாசலில் விரித்தால் பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் போகும். இவ்வளவு சப்பையாக யார் தேய்த்தது? ஒருவரும் இல்லை. சனியைச் சுற்றுகிற பனிக்கட்டிகள் மேலும் கீழுமாகப் போகும்போது ஒன்றோடொன்று முட்டுகின்றன, முட்டி முட்டி அந்த மேல் கீழ் ஆட்டம் செத்துப்போகிறது, சுற்றுகிற ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சினது தட்டு. பால்வீதி தட்டையாக இருப்பதும், கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுவதும் இதே கதைதான்.

அப்ப அந்தக் கட்டிகள் ஏன் சேர்ந்து ஒரு நிலாவாகவில்லை என்று கேட்பீர்கள். சனிக்கு அவ்வளவு கிட்ட இருந்தால் சேரவிடாது. கட்டியின் கிட்டின பக்கத்தை அதிகமாகவும் எட்டின பக்கத்தைக் குறைவாகவும் இழுத்துப் பிய்த்துப்போடும். எவ்வளவு கிட்டப் போனால் பியும் என்று எட்வார் ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 1848இலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அன்றைக்கு வந்ததில் வளையம் இல்லையென்று கவலைப்படாத ஒரே ஆள் என் மருமகன். அவன் நிலவு, சனி, எட்டத்து வெளிச்சவீடு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "மாமா, ஏன் எல்லாம் உருண்டையாவே இருக்கு? ஒண்டாவது பெட்டி மாதிரி இல்லையா?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் காலடியில் சாயங்காலம் கட்டின மண்வீடு இருந்தது. இன்னும் உயரமாகக் கட்டு பார்ப்போம் என்றேன். ஈரமண்ணை அள்ளி அள்ளி வைத்தான். முழங்கால் உயரம் தாங்கியது, அதுக்கு மேலே வைக்க அடி பிதுங்கி நாலு பக்கமும் சரிந்தது. கல்லும் அப்படித்தான் தம்பி, கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். எவரெஸ்ட் 8.8 கிலோமீட்டர். பூமியில் மலை இதைவிட மிகப் பெரிதாக வளர முடியாது, அடிப்பாறை பாரம் தாங்காமல் வழுகும். செவ்வாயில் ஈர்ப்பு எங்கள் ஈர்ப்பில் 38 வீதம்தான், அதனால் அங்கே ஒலிம்பஸ் என்ற மலை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை நிமிர்ந்து நிற்கிறது. பூமியைத் தோடம்பழம் அளவுக்குச் சுருக்கினால் எவரெஸ்ட் அந்தத் தோலில் உள்ள புள்ளியை விடவும் சின்னது. பெட்டிக்கு எட்டு மூலை என்றால் எட்டுப் பிரமாண்டமான மலை, ஒன்றும் நிற்காது, எல்லாம் சரிந்து உருண்டையாகும்.

சின்னச் சாமானில் ஈர்ப்பின் பருப்பு வேகாது, அங்கே கல்லின் பலம்தான் வெல்லும். செவ்வாயின் நிலாவான ஃபோபோஸ் 22 கிலோமீட்டர், அசல் உருளைக்கிழங்கு. வெஸ்டா என்ற சிறுகோள் 525 கிலோமீட்டர் இருந்தும் தென்முனையில் பெரிய அடி ஒன்று வாங்கிக் கோணலாகவே நிற்கிறது. சீரீஸ் 940 கிலோமீட்டர், நல்ல உருண்டை. சனியின் நிலா மைமாஸ் 400 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் உருண்டை, பனிக்கட்டி பாறையை விடச் சீக்கிரம் வளைந்துகொடுக்கும். இதெல்லாம் இந்த டெலஸ்கோப்பில் உருவமாகத் தெரியாது, வெஸ்டாவும் சீரீஸும் வெறும் புள்ளிதான், ஏமாறாதீர்கள்.

அப்புறம் மழை. ஐப்பசியிலிருந்து தை வரை திருமலையில் டெலஸ்கோப் என்பது அறை மூலையில் நிற்கிற ஒரு வெள்ளைக் குழாய், துணி காயப்போட உதவும். அந்த இடைவெளியில் என் ஐபீஸ் ஒன்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, என் பிழை, மூடியைப் போட்டு ஈரத்தோடு வைத்துவிட்டேன். சிலிக்கா ஜெல் பைகளை டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். கடற்கரையால் வந்ததும் குழாயின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடையுங்கள், உப்புக்கு ஸ்டாண்டின் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கும். கண்ணாடியை மட்டும் துடைக்கவே கூடாது, மேலே பூசியிருப்பது மெல்லிய அலுமினியம், சீலையால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். டச் பே பக்கம் கொண்டுபோனால் மான் வரும், கவனம். எனது நட்சத்திர வரைபடத்தில் தென்பாதியை ஒரு மான் நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது.

மூன்றாவது தடவை மாசியில், வியாழன் உச்சிக்குக் கிட்ட நின்ற நேரம். இந்த வகை டெலஸ்கோப்பில் உச்சியைப் பார்ப்பது பெரிய கரைச்சல், குழாய் நிமிர ஐபீஸ் கழுத்து முறிகிற பக்கமாகத் திரும்பும், குழாயைப் பிடித்திருக்கிற வளையத்தைத் தளர்த்திக் குழாயையே உருட்ட வேண்டும். கடலுக்குப் போக இருந்த ஒரு அண்ணை வலையை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். வியாழனின் குறுக்கே ஓடுகிற இரண்டு பட்டியும் அதன் நாலு நிலாவும் தெரிகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் வடிவாத் தெரியுது. ஆனா இது சப்பின பந்தெல்லோ? உங்கட கண்ணாடி பிழை போல" என்றார். நான் பார்த்தேன். சப்பைதான்! அத்தனை நாள் பார்த்தும் எனக்குப் படவில்லை, கடலில் எட்டத்துப் படகின் சாய்வைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு ஒரு நிமிடத்தில் பட்டுவிட்டது.

கண்ணாடி கோணினாலும் இப்படித் தெரியும் என்று தெரியும், வயிற்றைக் கலக்கியது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நீங்களும் செய்து பாருங்கள்: குழாயை அதன் வளையத்துக்குள்ளேயே கால்வாசி உருட்டுங்கள். பிழை கண்ணாடியில் என்றால் சப்பை கண்ணாடியோடு சேர்ந்து திரும்பும். பிழை வியாழனில் என்றால் அந்தப் பட்டிகளோடுதான் நிற்கும். உருட்டினேன். பட்டி எந்தப் பக்கமோ சப்பையும் அந்தப் பக்கமே. வியாழனின் நடுப்பகுதி விட்டம் 142,984 கிலோமீட்டர், முனைக்கு முனை 133,708. பூமியைப் போல 11 மடங்கு அகலமான அந்த உடம்பு 10 மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்க இழுக்கச் சுழற்சி இடுப்பை வெளியே தள்ளுகிறது. சனி இன்னும் மோசம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சப்பை. சூரியன் ஒருதரம் சுற்ற 25 நாள் எடுப்பதால் அதற்கு இந்தத் தொந்தி இல்லை, 14 இலட்சம் கிலோமீட்டர் விட்டத்தில் வித்தியாசம் பத்துக் கிலோமீட்டர் அளவுதான்.

பூமிக்கும் 43 கிலோமீட்டர் தொந்தி இருக்கிறது என்று அந்த அண்ணைக்குச் சொன்னேன். அதனாலும், சுழற்சி வெளியே தள்ளுவதாலும், எங்களைப் போல் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு நிறை கொஞ்சம் குறைவு, துருவத்தில் ஒரு கிலோ காட்டுகிற மீன் நடுக்கோட்டில் வில்தராசில் 5 கிராம் குறைத்துக் காட்டும். "அப்ப சந்தையில ஏவாரி குறைக்கிறது இதுக்குள்ள சேருமோ?" என்றார். அது வேறு ஈர்ப்பு அண்ணை.

சூரியன் என்றதும் ஞாபகம் வந்தது. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று சூரியனைப் பார்க்க என்று வரும். அதை உடனே குப்பையில் போடுங்கள். 114 மில்லி கண்ணாடி குவிக்கிற சூடு அதில்தான் விழும், வெடித்தால் உங்கள் கண் போச்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் பகலில் குழாயை மூடியே வையுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

குறைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டாண்ட் மட்டம், கச்சான் அடித்தால் 90 மடங்கில் எல்லாம் நடுங்கும், நான் நடுவில் ஐந்து லீற்றர் தண்ணிக் கான் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறேன், பாதி நடுக்கம் போய்விடும். குறிபார்க்கிற சின்னக் குழாய் பிளாஸ்டிக், தூக்கி எறிந்துவிட்டுச் சிவப்புப் புள்ளி வகை ஒன்றைப் போடுங்கள். நிறம் எதிர்பார்க்காதீர்கள், படத்தில் வருகிற ஊதா சிவப்பு ஒன்றும் கண்ணுக்கு வராது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் மட்டும் தவறவிடக் கூடாது, வைகாசி ஆனி மாதங்களில் முன்னிரவில் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும், வடநாட்டுக்காரருக்குக் கிடைக்காத பாக்கியம். 17 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பந்தாக நிற்கிறது. 45 மடங்கில் கருங்கல்லில் சிந்தின சீனி மாதிரி. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அத்தான் வாயை மூடினார்.

ஐந்துக்கு மூன்றரை. அரை குறைத்தது அந்த 675க்கு, ஒன்று ஸ்டாண்டுக்கு. உப்புவெளிப் பக்கம் நிலவில்லாத சனிக்கிழமைகளில் வெள்ளைக் குழாயும் தண்ணிக் கானுமாக ஒரு ஆள் நின்றால் அது நான்தான், வந்து பாருங்கள். 4 மில்லி ஐபீஸ் வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.